அளந்து பார்த்த பிறகே கழற்றும் பணிமனை: நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் பழுதுக்குப் பாடியில் கிடைத்த சேவை

ஆட்டோமேட்டிக் வண்டிக்குச் சென்னையில் மெக்கானிக் கிடைப்பது இன்று கடினமில்லை. ஆனால், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொன்னவுடன் பேட்டரியையோ செல்ஃப் மோட்டாரையோ மாற்றச் சொல்லாமல், முதலில் மல்டிமீட்டரை எடுத்து மின்சாரத்தை அளந்து பார்க்கிறவர் கிடைப்பது அரிது. பாடி மேம்பாலத்தைத் தாண்டி அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் போகும் வழியில், ஓர் உள்தெருவில் இயங்கும் சிறிய பணிமனையில் அப்படி ஒருவரைக் கண்டேன். இரண்டு வண்டிகளுக்கு மேல் நிறுத்த இடமில்லை, வருகிற வேலையே கைக்கு அதிகமாக இருக்கிறது, ஆகவே பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அதை மதித்துப் பெயரை விட்டுவிடுகிறேன். ஆனால் அங்கே நடந்த வேலையின் முறையை விரிவாக எழுதுகிறேன். இதே கோளாறோடு வேறு பணிமனைக்குப் போகிறவர்கள், அங்கே நடப்பது சரியான வேலைதானா என்று எடைபோட அது உதவும்.

என்னுடையது டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருத்திய, பத்து வயதைக் கடந்த பெட்ரோல் செடான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, வேளச்சேரியில் எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரில் பம்பர் மூழ்கும் அளவுக்கு அது நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை. ஆயில்களை மாற்றி உட்புறத்தைக் காயவைத்த பிறகு வண்டி நன்றாகவே ஓடியது. கோளாறு தலைகாட்டியது நெடுநாள் கழித்துத்தான். கியர் லிவர் பி-யில் (பார்க்) இருக்கும்போது சாவியைத் திருப்பினால் டாஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரியும், ஹார்ன் உரக்க ஒலிக்கும், ஆனால் செல்ஃப் மோட்டாரிலிருந்து 'டிக்' என்ற சத்தம்கூட வராது. லிவரை என்-னுக்கு (நியூட்ரல்) கொண்டுவந்தால் சில நேரம் உடனே ஸ்டார்ட் ஆகும். சில நேரம் லிவரை லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்த பிறகு ஆகும். மழை பெய்த மறுநாள் காலையில் தொல்லை அதிகமாக இருந்தது. கூடவே, டாஷ்போர்டு மீட்டரில் கியர் நிலையைக் காட்டும் எழுத்து அவ்வப்போது மறைந்துபோனது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் வெள்ளை விளக்கு எரியாத நாட்களும் இருந்தன.

இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்து வரும்போது சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்றுதான். கியர்பாக்ஸின் வெளிப்புறத்தில், லிவரோடு கேபிள் மூலம் இணைந்த தண்டின் மேல் ஒரு சுவிட்ச் பொருத்தப்பட்டிருக்கும். நியூட்ரல் சேஃப்டி சுவிட்ச் என்று சிலரும் இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்று பணிமனைக்காரர்களும் குறிப்பிடுவது இதைத்தான். லிவர் நகரும்போது தண்டு திரும்புகிறது; தண்டோடு சுவிட்சின் உள்ளே இருக்கும் தொடர்புத் தகடும் திரும்பி, ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு மின்முனைகளை இணைக்கிறது. பி-யிலும் என்-னிலும் மட்டும் செல்ஃப் மோட்டாருக்கான ரிலேக்கு (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கும் சுவிட்ச்) மின்சாரம் போக வழிவிடுகிறது. ஆர்-ல் (ரிவர்ஸ்) வெள்ளைப் பின்விளக்கை எரிய வைக்கிறது. எந்த நிலையில் லிவர் இருக்கிறது என்பதைக் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிப்பதும் இதன் வேலைதான். மீட்டரில் தெரியும் எழுத்து அந்தத் தகவலிலிருந்துதான் வருகிறது. ஆகவே இந்தச் சுவிட்ச் கெட்டால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் கோளாறுகள் ஒரே நேரத்தில் கிளம்பும்.

பாடிக்குப் போகும் முன், வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேறொரு பணிமனையில் வண்டியைக் காட்டியிருந்தேன். பின்விளக்கைப் பற்றியும் மீட்டரில் எழுத்து மறைவதைப் பற்றியும் நான் சொன்னதை அவர்கள் குறித்துக்கொள்ளவே இல்லை. பேட்டரி பலவீனமாக இருக்கலாம் என்று புதிய பேட்டரி போடப்பட்டது. மாற்றம் எதுவும் இல்லை. அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பிரஷ் மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு நான் இசையாதபோது, கடைசியாக அவர்கள் முன்வைத்த தீர்வுதான் எனக்குக் கவலை அளித்தது: கியர்பாக்ஸ் சுவிட்சுக்குப் போகும் இரண்டு வயர்களை ஒன்றாகச் சேர்த்து 'டைரக்ட்' போட்டுவிட்டால் எந்த நிலையிலும் ஸ்டார்ட் ஆகும், செலவும் இல்லை என்றார்கள். அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

'டைரக்ட்' என்பது நம் ஊரில் மிகச் சாதாரணமாகச் செய்யப்படுகிற காரியம் என்பதால் இதைச் சற்று விளக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப்பும் ஓடத் தொடங்கும். லிவர் டி-யில் (டிரைவ்) இருந்தால் ஆயில் அழுத்தம் ஏறியதும் கிளட்சுகள் பிடித்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே வண்டி நகரும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகும் இன்ஜின் வழக்கமான ஐடிலிங்கைவிட வேகமாகச் சுற்றுவதால் அந்த நகர்வு ஒரு குதிப்பாகவே இருக்கும். குறுகிய பார்க்கிங்கில், சுவருக்கும் வண்டிக்கும் இடையில் குழந்தையோ பெரியவரோ நிற்கும்போது ஜன்னல் வழியாகக் கைவிட்டு யாராவது சாவியைத் திருப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. நான் ஒருவன் மட்டும் ஓட்டும் வண்டியல்ல அது. வீட்டில் மனைவியும் மகளும் ஓட்டுகிறார்கள், அவசரத்துக்கு டிரைவர் வருகிறார், நாளை இன்னொருவருக்கு விற்கவும் கூடும். இவர்களில் ஒருவருக்கும் அந்த வயர் ஒட்டப்பட்டிருப்பது தெரியாது. செலவைக் குறைப்பதற்காக இந்தக் காவலை எடுத்துவிடும் எந்தப் பணிமனையையும் என்னால் பரிந்துரைக்க முடியாது.

பாடி பணிமனைக்கு முதலில் தொலைபேசியில் பேசியபோதே ஒரு வேறுபாடு தெரிந்தது. வண்டி ஓடும் நிலையில் இருக்கிறதா என்று உரிமையாளர் கேட்டார். என்-னில் ஸ்டார்ட் ஆகிறது என்றேன். அப்படியானால் ஓட்டியே வரலாம், நடுவழியில் நின்றுவிட்டால் ஆட்களைக் கூட்டித் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம், ஆட்டோமேட்டிக் அப்படி ஸ்டார்ட் ஆகாது, கயிறு கட்டி இழுக்கவும் கூடாது என்றார். காரணத்தையும் சொன்னார்: இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்ப்பும் ஓடாது, முன்சக்கரங்கள் தரையில் உருள வண்டியை நெடுந்தூரம் இழுத்தால் கியர்பாக்ஸ் ஆயில் ஓட்டமின்றிச் சூடாகிக் கெட்டுப்போகும். ஆகவே முன்சக்கர இயக்க வண்டிக்கு முன்பக்கத்தைத் தூக்கிச் செல்லும் வண்டியோ, முழுதாக ஏற்றிச் செல்லும் தட்டையான ரெக்கவரி வண்டியோதான் வேண்டும். நல்லவேளையாக அதற்குத் தேவை ஏற்படவில்லை. கத்திப்பாரா, வடபழனி, கோயம்பேடு வழியாக உள்வட்டச் சாலையில் ஓட்டியே போய்ச் சேர்ந்தேன்.

அங்கே நடந்த பரிசோதனைதான் இந்த மதிப்புரையின் மையம். உரிமையாளர் ஐம்பது வயதைக் கடந்தவர். வயரிங் வேலையில் தொடங்கிக் கியர்பாக்ஸ் வேலைக்கு வந்தவர். அறிகுறிகள் அனைத்தையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். மழைத் தண்ணீரில் வண்டி நின்றதா என்பதை நான் சொல்லும் முன் அவரே கேட்டார். பிறகு பேட்டரியில் மீட்டரை வைத்தார். அணைத்து வைத்த நிலையில் 12.5 வோல்ட். முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும் என்பதால் அதில் குறையில்லை. லிவரை என்-னில் வைத்து ஸ்டார்ட் செய்தபோது, செல்ஃப் சுற்றிக்கொண்டிருந்த வேளையில் அளவு 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றது. அப்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழாமல் இருந்து, செல்ஃபும் வேகமாகச் சுற்றினால், பேட்டரியையும் அதன் தடித்த கேபிள்களையும் செல்ஃப் மோட்டாரையும் ஒரே அளவீட்டில் பெருமளவு விடுவித்துவிடலாம். முந்தைய இடத்தில் பேட்டரிக்காக நான் கொடுத்த பணம் தேவையற்றது என்பதை நிரூபிக்க இந்த ஒரு நிமிட வேலை போதுமானதாக இருந்தது.

அடுத்து இம்மொபிலைசர் விளக்கைப் பார்த்தார். சாவியை அடையாளம் காணாத வண்டியும் செல்ஃப் அடிக்காமல் நிற்கக்கூடும். ஆனால் அப்போது அந்த விளக்கு மினுக்கிக் காட்டிக் கொடுக்கும், மேலும் பி, என் என்ற வேறுபாடு இருக்காது. பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் பிரேக் பெடல் சுவிட்ச் கெட்டாலும் இதேபோல் நிற்கும் என்றும், பிரேக்கை மிதித்துப் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தாலே அதைப் பிரித்தறியலாம் என்றும் சொன்னார். என் வண்டி சாவி வகை என்பதால் அது பொருந்தவில்லை. ஆனாலும் கேட்கிறவருக்குப் பயன்படும் என்று எடுத்துச் சொன்ன அந்த மனம் எனக்குப் பிடித்தது.

பிறகு ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து செல்ஃப் ரிலேயைக் கழற்றினார். ரிலேயின் காயில் முனைகள் 85, 86 என்றும், தொடர்பு முனைகள் 30, 87 என்றும் எண்ணிடப்பட்டிருக்கும். காயிலின் மின்தடை 80 ஓம் அளவில் இருந்தது. தனியாக மின்சாரம் கொடுத்தபோது ரிலே ஒழுங்காக இழுத்தது. அதன் இடத்தில் அதே வகை ஹார்ன் ரிலேயை மாற்றிப் பொருத்தியும் பார்த்தார். பி-யில் அப்போதும் சத்தமில்லை. ரிலே நல்லது, அதற்கு வரவேண்டிய மின்சாரம்தான் வரவில்லை என்பது இதோடு உறுதியானது.

இதற்குப் பின் அவர் செய்தது, பல ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் தவறவிடும் ஒரு பரிசோதனை. ரிலேயைக் கழற்றிய நிலையில், லிவர் பி-யில் இருக்க, சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லி, ரிலே பொருந்தும் இடத்தில் காயில் முனைக்கு வரும் வயரில் மீட்டரை வைத்தார். மீட்டர் முழு 12 வோல்ட் காட்டியது. அதை மட்டும் பார்த்தவர் மின்சாரம் வருகிறது, சுவிட்சில் குறையில்லை என்றுதான் சொல்வார். ஆனால் அவர் மீட்டரை எடுத்துவிட்டு அதே இடத்தில் சிறிய பல்பு கொண்ட டெஸ்ட் லாம்ப்பை வைத்தபோது பல்பு எரியவில்லை. அரிக்கப்பட்ட தொடர்பின் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் மட்டுமே போக முடியும். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பொதுவாக ஒரு கோடி ஓம் அளவில் இருக்கும் என்பதால் அது மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. ஆகவே மின்னழுத்தம் குறையாமல் தெரிகிறது. பாதி அடைபட்ட தெருக்குழாயில் வாயைப் பொத்திப் பிடித்தால் அழுத்தம் முழுதாகவே தெரியும், திறந்துவிட்டால்தான் குடம் நிறையாதது தெரியும், அதுபோல. ரிலேயைத் திரும்பப் பொருத்தி, சுமை ஏறிய நிலையில் அளந்தபோது காயிலுக்குக் கிடைத்தது வெறும் 5 வோல்ட். அந்த அளவு 12 வோல்ட் ரிலேயை இழுக்கப் போதாது. 80 ஓம் காயிலுக்கு 5 வோல்ட் மட்டும் வந்து மீதி 7 வோல்ட் வழியிலேயே விழுகிறது என்றால், வழியில் நூறு ஓமுக்கும் மேலான தடை எங்கோ ஒளிந்திருக்கிறது என்பது எளிய கணக்கு. அந்தக் கணக்கையும் அவர் நோட்டிலேயே போட்டுக் காட்டினார். கணினிக்குப் போகும் மெல்லிய சிக்னல் வயர்களில் டெஸ்ட் லாம்ப்பை வைக்கக் கூடாது, அது எடுக்கும் மின்னோட்டம் கணினியைக் கெடுத்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே சொன்னார்.

வண்டியின் கணினியில் பதிவான கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரை அவர் எடுத்ததே இதற்குப் பிறகுதான். கியர் நிலை சென்சார், அதாவது இந்தச் சுவிட்ச், இருக்கும் சர்க்யூட்டில் கோளாறு என்பதைக் குறிக்கும் பி0705 என்ற குறியீடு பதிவாகியிருந்தது. ஆனால் அதைக் கண்டவுடன் சுவிட்சை மாற்றச் சொல்லவில்லை. அந்தக் குறியீடு கோளாறு எந்தச் சர்க்யூட்டில் என்பதைத்தான் சொல்லும், சுவிட்சா, கப்ளரா (வயர்களைச் சுவிட்சோடு இணைக்கும் பிளக்), வயரா, கேபிளா என்று சொல்லாது என்றார். நேரடித் தகவலைத் திரையில் வைத்துக்கொண்டு லிவரை மெதுவாக ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தச் சொன்னார். டி-யில் சரியாகக் காட்டியது. ஆர்-ல் எழுத்து விட்டுவிட்டு வந்தது. பி-யில் ஒரு நொடி தெரிந்து, மறு நொடி வெறுமையானது.

எஞ்சியிருந்த முக்கியக் கேள்வி, சுவிட்ச் கெட்டிருக்கிறதா அல்லது லிவரிலிருந்து வரும் கேபிள் தளர்ந்து, தண்டு முழுதாக பி நிலைக்குத் திரும்பாமல் நிற்கிறதா என்பது. இரண்டுக்கும் வெளி அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றே. கேபிள் முனையிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்தாலே போதும், உள்ளே லிவர் பி-யைத் தொட்டிருக்கும், கியர்பாக்ஸில் தண்டு ஒரு நூலளவு குறைவாகத் திரும்பியிருக்கும். அந்த நிலையில் புதிய சுவிட்ச் வாங்கிப் போட்டாலும் கோளாறு தீராது. அவர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக்கை முழுதாக இழுத்து, ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்து, கியர்பாக்ஸின் மேலே கேபிளைக் கழற்றிவிட்டு, தண்டின் கையைத் தம் விரலாலேயே பி-யின் கடைசி வரை திருப்பினார். திரையில் எழுத்து அப்போதும் நிலைக்கவில்லை. கேபிளுக்கு இதில் பங்கில்லை என்பது அத்தோடு தெளிவானது.

கப்ளரைப் பிரித்தபோது உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்ததை எனக்குக் காட்டினார். வயரிங் உறை ஓரிடத்தில் கிழிந்து, அதன் வழியாக வழிந்த தண்ணீர் நேரே கப்ளருக்குள் இறங்கும்படி அமைந்திருந்தது. கான்டாக்ட் கிளீனர் தெளித்து முனைகளைத் துடைத்தார். பல வண்டிகளில் இந்தத் துடைப்போடு வேலை முடிந்துவிடும், புதுச் சுவிட்ச் தேவைப்படாது என்று சொல்லி நம்பிக்கையோடுதான் மறுபடி அளந்தார். என் வண்டியில் அப்படி முடியவில்லை. சுவிட்சின் முனைகளுக்கிடையே நேரடியாக மீட்டரை வைத்தபோது, நல்ல சுவிட்சில் ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டிய தடை, பி-யில் நூறு ஓமைத் தாண்டி ஏறி இறங்கியது; என்-னில் சில நேரம் சரியாகவும் சில நேரம் எகிறியும் காட்டியது. சுவிட்சிலிருந்து ஃபியூஸ் பாக்ஸ் வரையிலான வயரிங்கைத் தனியாக அளந்து அதில் குறையில்லை என்று பார்த்த பிறகுதான், சுவிட்சை மாற்ற வேண்டும் என்று சொன்னார்.

இந்தப் பரிசோதனைக்கு மட்டும் 1,000 ரூபாய் வாங்கினார். சுவிட்ச் அவரிடமே மாற்றினாலும் அந்தத் தொகையைக் கழித்துக்கொள்வதில்லை. சிலருக்கு இது உறுத்தக்கூடும். எனக்கு இது முற்றிலும் நியாயமாகவே படுகிறது. பழுதைக் கண்டுபிடிக்கும் உழைப்புக்குத் தனியாகக் கூலி கிடைக்காத இடத்தில்தான், தேவையற்ற பாகங்களை மாற்றி அந்தக் கூலியை ஈட்டும் பழக்கம் வளர்கிறது.

பாகம் வாங்குவதில் மூன்று வழிகளை முன்வைத்தார். நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பதிவு செய்து ஒரிஜினல் வாங்கலாம். அது வந்து சேர நாட்கள் ஆகும். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜி.பி. ரோட்டில் வெளி நிறுவனத் தயாரிப்பு வாங்கலாம். பாக எண்ணைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், ஆனால் அதே எண் அச்சிட்ட போலிகளும் உண்டு என்பதால் தெரிந்த கடையில் வாங்க வேண்டும். மூன்றாவது, புதுப்பேட்டையில் பிரித்த வண்டியிலிருந்து எடுத்த பழைய சுவிட்ச். கதவுக் கண்ணாடிக்கும் விளக்குக்கும் புதுப்பேட்டை நல்ல இடம்தான். நானும் அங்கே வாங்கியிருக்கிறேன். ஆனால் தொடர்புத் தகடு தேய்வதால் கெடும் ஒரு பாகத்துக்குப் பதிலாக, எவ்வளவு தேய்ந்தது என்று தெரியாத இன்னொன்றை வாங்குவது பொருளற்றது. ஒரிஜினலையே தேர்ந்தெடுத்தேன், அதற்கு 5,800 ரூபாய் ஆனது. காத்திருந்த நாட்களில் வண்டியை நான் எடுத்துச் செல்லலாம், ஆனால் கைப்பிரேக்கை இழுத்து, பிரேக்கை அழுத்தி மிதித்து, என்-னில் மட்டுமே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று வலியுறுத்தினார்.

பொருத்தும் வேலை சிறியது. ஆனால் அதிலும் கவனம் தேவை. சுவிட்சைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளின் துளைகள் நீள்வாக்கில் இருக்கும். போல்ட்டைத் தளர்த்தினால் சுவிட்சைச் சற்று இப்படியும் அப்படியும் திருப்பலாம். தண்டை என் நிலையில் நிறுத்தி, சுவிட்சின் மேலுள்ள நியூட்ரல் கோடும் தண்டின் பள்ளமும் ஒரே நேராக வரும்படி வைத்துத்தான் முறுக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் புதிய சுவிட்சே தவறான நிலையைச் சொல்லத் தொடங்கும். முறுக்கிய பிறகு கப்ளருக்குள் நீர் புகாதபடி உரிய கிரீஸ் தடவி, கிழிந்த வயரிங் உறையை மாற்றி, வயரைக் கீழ்நோக்கி வளைத்துக் கட்டினார். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், கப்ளரை எட்டாது. கூலி 1,800 ரூபாய்.

சோதித்துப் பார்த்த விதமும் எனக்குத் திருப்தி அளித்தது. வண்டியின் முன்னும் பின்னும் யாரும் இல்லாதபடி செய்துவிட்டு, பிரேக்கை மிதித்தபடி பி-யிலும் என்-னிலும் ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்க்காமல், ஆர்-லும் டி-யிலும் ஸ்டார்ட் ஆகாமல் இருக்கிறதா என்றும் பார்த்தார். இரண்டாவதுதான் இந்தச் சுவிட்சின் உண்மையான வேலை. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்ட மகிழ்ச்சியில் பலரும் அதைச் சோதிக்காமலே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பின்விளக்கு, மீட்டரில் எழுத்து, ஸ்கேனரில் ஒவ்வொரு நிலையும் சரிபார்க்கப்பட்டன. குறியீட்டை அழித்து, கொரட்டூர் வரை ஓட்டிவிட்டு வந்து, அது திரும்பப் பதிவாகவில்லை என்று காட்டிய பிறகே பணம் கேட்டார். கழற்றிய சுவிட்சையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. மதிப்பீட்டை வாயால்தான் சொல்கிறார், எழுத்தில் தருவதில்லை. பில்லில் பாக எண்ணைக் குறிக்கும்படி நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வேலையில் இருக்கும்போது தொலைபேசியை எடுப்பதில்லை. பாகம் வந்துவிட்டதா என்று அறியப் பலமுறை முயல வேண்டும். பணிமனைக்கு முழுக் கூரை இல்லாததால் மழை நாளில் மின்வேலை நின்றுவிடுகிறது. இந்தப் பழுதே மழைக்காலத்தில் வருவது என்பதால் இதை ஒரு பெரிய குறையாகவே கருதுகிறேன். உட்கார இடமில்லை, தெருவில் வண்டி நிறுத்தவும் சிரமம். கியர் நிலை சென்சார் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே, கட்டுப்பாட்டுக் கணினியோடு சேர்ந்து அமைந்துள்ள வண்டிகளை அவர் எடுத்துக்கொள்வதில்லை. அதற்கான கருவிகள் தம்மிடம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே கணினி இயக்கும் வகை) வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இங்கே சொன்னவை அப்படியே பொருந்தா. அவற்றில் பெரும்பாலானவற்றில் பி நிலையே கிடையாது, என்-னில் பிரேக்கை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும், கியர் நிலையை அறிவது வேறு அமைப்பு.

இவற்றை எல்லாம் கணக்கில் வைத்தும் இந்தப் பணிமனைக்கு ஐந்துக்கு நான்கரை மதிப்பெண் தருவேன். கழற்றுவதற்கு முன் அளந்தார், அளந்ததை எனக்குக் காட்டினார், துடைத்தால் தீருமா என்று பார்த்த பிறகே புதிய பாகம் கேட்டார், பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. வேறு பணிமனைக்குப் போகிறவர்கள், அறிகுறிகளைச் சொல்லும்போது "செல்ஃப் எடுக்கவில்லை" என்று நிறுத்திவிடாமல், என்-னில் எடுக்கிறதா, லிவரை அசைத்தால் எடுக்கிறதா, 'டிக்' சத்தம் வருகிறதா, பின்விளக்கு எரிகிறதா என்பனவற்றையும் சொல்லுங்கள். சுமையேற்றிய நிலையில் ரிலேக்கு எத்தனை வோல்ட் வருகிறது, கேபிளைக் கழற்றிவிட்டுச் சோதித்தீர்களா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லாத இடத்தில் சுவிட்சுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

'டைரக்ட்' பற்றி நான் அவரிடம் கேட்டேன். "நான் போட்டுத் தர மாட்டேன் சார், ஏற்கெனவே போட்டிருக்கிற வண்டி வந்தால் முதலில் அதைப் பிரித்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுவேன்" என்றார். சுவிட்சுக்கும் தம் வேலைக்கும் ஆறு மாதப் பொறுப்பு ஏற்றிருக்கிறார். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கப்ளரை ஒருமுறை திறந்து பார்க்க வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்; அதற்குக் கூலி இல்லை என்பதைப் பில்லின் பின்புறத்தில் தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.